ஆளி விதை ஜெல்: சூட்டிலேயே வடிகட்டணும்

கடையில் வாங்கும் ஹேர் ஜெல்லில் முடியைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் பிவிபி (பாலிவினைல் பைரோலிடோன்) மாதிரி ஏதாவது ஒரு பாலிமர்தான். தண்ணீர் வற்றியதும் முடிமேல் மெல்லிய படலமாகக் காய்ந்து, சுருளை அப்படியே நிறுத்தும். ஆளி விதைத் தோலில் இருக்கும் கொழகொழப்பும் இதே வேலையைச் செய்கிறது. வேக்ஸ், பொமேட் எல்லாம் வேறு ரகம். அவை காய்வதில்லை, பிசுபிசுப்பால்தான் பிடிக்கும். மத்தியானம் மறுபடி வாரிக்கொள்ளலாம், ஆனால் சுருட்டை முடிக்கு உதவாது.

முழு விதை 30 கிராம், தண்ணீர் 500 மில்லி. பொடி வேண்டாம், எண்ணெய் இறங்கிவிடும், வடிகட்டவும் முடியாது. மிதமான தீயில் வைத்து, முதலிலிருந்தே கிளற வேண்டும், இல்லாவிட்டால் விதை அடிப்பிடிக்கும். கொதி வந்து 7, 8 நிமிடத்தில் வெள்ளை நுரை கட்டும். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல், முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபட்டு இறங்கும். அதுதான் பதம், உடனே அணைத்துவிட வேண்டும். நீர்த்த மாதிரிதான் தெரியும். ஆறினால் தானே இறுகும். இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று விட்டால் விதையும் ஜெல்லும் பிரியவே பிரியாது. அப்படி ஆகிவிட்டால் 100 மில்லி வெந்நீர் விட்டு, திரும்பச் சூடாக்கி வடிகட்டலாம்.

டீ வடிகட்டி இதற்கு ஆகாது, அடைத்துக்கொள்ளும். பழைய நைலான் காலுறையில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, இடுக்கியால் மேலிருந்து கீழே உருவினால் சூட்டிலேயே இறங்கிவிடும்.

தடவும்போது முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்க வேண்டும். தோள்வரை முடிக்கு 2 டேபிள்ஸ்பூன் போதும். நுனியைக் கையில் ஏந்தி மேல்நோக்கிக் கசக்கிவிட்டு, முழுக்கக் காயும்வரை தொடக் கூடாது. பாதி ஈரத்தில் கை வைத்தால் படலம் உடைந்து முடி பரபரவென்று கிளம்பிவிடும். காய்ந்ததும் மொடமொடப்பாக இருக்கும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துக் கசக்கினால் மொடமொடப்பு போய்ச் சுருள் நிற்கும். எண்ணெயை முதலில் வைத்துவிட்டு ஜெல் தடவுவது நம் ஊர் வழக்கம். ஜெல் ஒட்டாமல் வழுக்கிப் போவதற்குக் காரணமே அதுதான்.

வெள்ளைத் துகள் உதிர்ந்தால் பொடுகு என்று பயப்பட வேண்டாம். முடியில் விட்ட கண்டிஷனரோடு ஜெல் ஒத்துப்போகவில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரண்டையும் உள்ளங்கையில் குழைத்துப் பார்த்தாலே தெரியும், திரிதிரியாகத் திரண்டால் அந்த ஜோடி சரிப்படாது.

அடுத்த ஈட்டில் அரை டீஸ்பூன் கிளிசரின் சேர்த்ததில் முடி மிருதுவானது உண்மை. ஆனால் சென்னை மாதிரிக் கடலோரப் புழுக்கத்துக்கு அது எதிரி. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து முடியை உப்ப வைக்கும், சுருள் சாயங்காலம்வரை தாங்காது. கிளிசரின் இல்லாத ஈடே மேல். மழையில் நனைந்தாலோ ஹெல்மெட்டுக்குள் வியர்த்தாலோ இரண்டுமே கரைந்து வழவழக்கும், அதற்கு மருந்தில்லை.

ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். புளித்த வாடை வந்தாலோ தண்ணியாகப் பிரிந்தாலோ கொட்டிவிடுங்கள். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி ஃபிரீசரில் வைத்தால், குளிக்கும் அன்று இரண்டு கட்டி எடுத்து உருக்கிக்கொள்ளலாம். பிடிப்பு மட்டும் கொஞ்சம் குறையும்.