அதிட்டானக் கல்வெட்டு: மைப்படி மூன்றாம் தாளில்தான் தேறியது

பழைய ஊர்களில் வீடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. கல்லில் எழுந்தது பெரும்பாலும் கோயில்தான். நிலம், ஏரி, வரி, சபை என ஊரின் கணக்கெல்லாம் அதன் அதிட்டானத்தில், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளத்தில், கல்வெட்டாகக் கிடக்கிறது. அதை மைப்படியாக, அதாவது கல்லில் ஈரத்தாள் ஒட்டி அதன்மேல் மை ஒற்றிப் பிரதியாக, எடுக்கக் கோயில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமென்றால் துறையின் அனுமதி இல்லாமல் தாளே ஒட்டக்கூடாது.

கல்லை நார்ப் பிரஷாலும் தண்ணீராலும் மட்டும் கழுவ வேண்டும். அமிலமும் கம்பிப் பிரஷும் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். சுண்ணாம்பு அப்பியிருந்தால் நன்றாக ஊறவிட்டு மூங்கில் சில்லால் எடுக்கலாம்.

முதல் தாள் வெயிலில் போயிற்று. மேப்லித்தோ தாளை நனைத்து ஈரக்கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிரஷால் தட்டினால் காற்று வெளியேறித் தாள் எழுத்துக்குள் இறங்கும். பத்து மணி வெயிலில் ஓரம் முதலில் காய்ந்து சுருண்டு, தாளே கல்லைவிட்டு எழும்பிவிட்டது. விடியற்காலையும் நிழற்பக்கமும்தான் சரி.

இரண்டாவது தாள் மையால் கெட்டது. தாள் சொதசொதவென்று இருக்கும்போதே ஒற்றினால் மை ஊறிப் பள்ளத்துக்குள் போய்விடும், எழுத்து வெள்ளையாக நிற்காது. தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. அந்தப் பதம்தான் எல்லாம். கரித்தூளும் கருவேலம் பிசினும் கலந்த மையைத் தட்டில் தடவி, பஞ்சு வைத்துக் கட்டிய துணிப்பந்தை அதில் தொட்டு, முதலில் வேறு தாளில் ஒற்றிப் பார்த்துவிட்டு மெல்ல மெல்லக் கருமை ஏற்ற வேண்டும். அதிட்டானத்தின் நடு உறுப்பான குமுதம் உருண்டையாக இருந்தால் அகலத் தாள் மடிப்பு விழும். குறுகலாக வெட்டி, இரண்டு விரல் அகலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டலாம். உரித்ததும் பின்புறத்தில் திசை, உறுப்பு, வரிசை எண் எழுதிவிட வேண்டும். திருப்பணியில் கற்கள் இடம் மாறியிருந்தால் பிறகு கோக்க இதுதான் துணை.

படிக்கும்போது சறுக்கும் இடங்கள்: புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரம் ஒன்றுபோல இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். 'யாண்டு' (ஆட்சியாண்டு) என்பதற்குப் பின் 'யஉ' போலத் தெரிவது எழுத்தல்ல, ௰௨ என்ற எண், அதாவது 12. பரகேசரி, ராசகேசரி என்ற பட்டங்கள் சோழர்களில் மாறி மாறி வருவதால் அவற்றை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. பரகேசரியோடு 'மதிரை கொண்ட' என்ற அடை சேர்ந்தால் முதலாம் பராந்தகன். அவன் பட்டம் ஏறியது 907, ஆகவே 12ஆம் யாண்டு 919 வாக்கில் விழும்.

கண் பழக, ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் அச்சான பாடங்கள் நல்ல துணை. அங்கே 919இல் வாரியம் என்ற சபைக் குழுவின் உறுப்பினர் வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில், 921இல், 35 முதல் 70 என்று மாற்றியிருக்கிறார்கள். உறுப்பினராகும் தகுதியைச் சொல்லும் 'கா நிலத்துக்கு மேல் இறைநிலமுடையான்' என்பதில் 'இறைநிலம்' வரி கட்டும் நிலம், 'கா' கால் பங்கைக் குறிக்கும். அதைக் 'காணி' என்று படித்தால் தகுதியின் அளவே பிசகிவிடும்.

அடுத்து எடுக்க வேண்டியது எழுத்தில்லாத ஒன்று: அதிட்டானத்தின் கீழ் உறுப்பான ஜகதியில் இரு முனையிலும் கூட்டல் குறி வெட்டிய நிலமளக்கும் கோல். அதற்கு மைப்படியோடு நாடா அளவும் தேவை. குறியின் நடுவிலிருந்து நடு வரை, கல் இணைப்பில் நாடா தொய்யாமல், மூன்று முறை அளக்க வேண்டும்.