கையால் ஓட்டும் எம்ஜிபி
கால்கள் இயங்காத ஒருவருக்காகப் பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை மாற்றியமைக்க முனைந்தால், கியர் மாற்றும்போது காலால் மிதிக்க வேண்டிய கிளட்ச்தான் முதல் சிக்கல்; 1967 முதல் சில ஆண்டுகள் அந்தக் கார் கிளட்ச் மிதி தேவைப்படாத போர்க்-வார்னர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுடனும் விற்கப்பட்டதால், அதையே தேடிப் பொருத்துவது நல்லது. ஸ்டியரிங்கை ஒட்டிய நெம்புகோலைத் தள்ளினால் பிரேக், தன்பக்கம் இழுத்தால் ஆக்சிலரேட்டர் என்பது வழக்கமான ஏற்பாடு. காலின் பலம் கைக்கு இல்லை என்பதால், என்ஜினின் வெற்றிட விசையால் இயங்கி பிரேக் அழுத்தத்தைக் கூட்டித்தரும் பிரேக் சர்வோவை நான் தவிர்க்கவே மாட்டேன். அசல் தன்மை போயிற்றென்று முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும். 1980இல் லாங் பீச் பந்தய விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஃபார்முலா 1 ஓட்டுநர் கிளே ரெகட்சோனி, இத்தகைய கைக்கட்டுப்பாடுகளுடன்தான் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் கலந்துகொண்டார். எம்ஜிபியிலோ ஓட்டுவதைவிடக் கடினம், அவ்வளவு தாழ்ந்த இருக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஏறுவதுதான்.