வான்ஸ்டெட்டில் ஒரு காயாம்பூக் காடு

மட்டக்களப்புக் கல்லடியில் அம்மாவின் விறாந்தையில் இருந்துகொண்டு, போனில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். ஏப்ரலில் லண்டனில் எடுத்தவை. மரங்களுக்கு அடியில் நிலமெல்லாம் நீலம். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "காயாம்பூ நிறம். ஆரு மகன் நட்டது?"

யாரும் நடவில்லை. புளூபெல் என்று பெயர், சின்ன வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைப்பது. உலகத்துப் புளூபெல்களில் ஏறத்தாழப் பாதி பிரித்தானியாவில்தான். மேலே மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள் பூத்தாக வேண்டும். ஏப்ரல் நடுவில் தொடங்கினால் மே மாதத்தோடு சரி.

நான் லண்டன் ஈஸ்ட்ஹாமுக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாலு வருஷமும் வேலை, வீடு, கோயில், தமிழ்க் கடை. கிட்டடியில் வான்ஸ்டெட் பார்க்கில் இப்படி ஒரு காடு இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் போயிருக்க மாட்டேன். காட்டுக்குச் சும்மா யார் போவார்? எங்கள் ஊரில் விறகுக்கு, தேனுக்கு, பாலைப்பழத்துக்குப் போவார்கள். மறுகா சண்டைக் காலத்தில் அதற்கும் பயம். பூப் பார்க்கவென்றே போவார்கள் என்பதை வேலையிடத்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

முதல் தடவை போனது மே கடைசி. எல்லாம் முடிந்து விதை கட்டியிருந்தது. அடுத்த வருஷம் ஏப்ரலிலேயே, மனைவியையும் கூட்டிக்கொண்டு, பட்டப்பகல் வெயிலில். அவள் சேலையில். நம்மட ஆட்களுக்குப் படம் என்றால் சேலை இல்லாமல் சரிவராதே! போனில் நீலம் ஊதாவாக விழுந்தது. பூக்களின் நடுவே நின்றால் நல்லாயிருக்கும் என்று அவளை உள்ளே இறங்கச் சொன்னேன். ரெண்டே அடி. நாயோடு வந்த ஒரு வயதான பெண்மணி நின்று, கோபமில்லாமல், காலடியைக் காட்டினார். பாதையின் இரண்டு பக்கமும் மரக்கட்டைகளைக் கிடத்தியிருப்பது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. பூ நசிவதைவிட இலை நசிவதுதான் கெடுதியாம். இலை போனால் கிழங்குக்குச் சாப்பாடு இல்லை, அடுத்த வருஷம் பூவும் இல்லை. விதை ஒன்று பூக்கும் கிழங்காக ஐந்து வருஷமாவது வேண்டும்.

இப்போது விடிய ஆறரைக்கே போய்விடுவேன். மப்பு நாள் என்றால் இன்னும் நல்லது, நீலம் நீலமாகவே விழும். பாதையிலேயே முழங்கால் குத்தி, கமரா நிலத்தோடு வரும்படி போனைத் தலைகீழாகப் பிடிப்பேன். கிட்டப் பார்த்தால் தண்டு வளைந்து, மணிகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தொங்கும். தண்டு நிமிர்ந்து, சுற்றிவரப் பூத்திருந்தால் அது ஸ்பெயின்காரி, தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவள். நாட்டுப் பூவின் மகரந்தம் வெண்மஞ்சள், அவளுடையது நீலம். பூவிலும் வந்தேறி பார்க்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு.

"பாதையை விட்டு இறங்கப்படாதாம், அம்மா" என்றேன்.

அம்மா போனைத் திருப்பித் தந்தார். "இஞ்சயும் அப்பிடித்தான் சொன்னவங்க. மிதிவெடிக்கு."

அடுத்த நாள் வேன் பிடித்துத் தாந்தாமலைக்குப் போனோம். வழியில் ஆவரசு மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கி, முழங்கால் குத்தி, போனைத் தலைகீழாக்கினேன்.

"மச்சான், ஆனைக் காடு! கெதியா ஏறு!" என்று வேனுக்குள்ளிருந்து சத்தம்.

ரெண்டு படம்தான் எடுக்க முடிந்தது. அதில் ஒன்று ஆடிப்போய்விட்டது.