சபைக் கணக்கும் சர்வே கணக்கும்

பிப்ரவரி 2

இளைஞர்களில் 87 சதவீதத்தினர் கிறிஸ்தவர்களைப் 'பிறரை நியாயந்தீர்க்கிறவர்கள்' என்றே பார்க்கிறார்களாம். பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் எண் இது. எங்கிருந்து வந்தது என்று இன்று தேடிப் போனேன். அமெரிக்காவின் பார்னா குழுமம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. 16 முதல் 29 வயதுக்குள், கிறிஸ்தவர் அல்லாத 440 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த 87-உம், 'மாய்மாலக்காரர்கள்' என்பதற்குக் கிடைத்த 85-உம் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அதே ஆட்களில் 76 சதவீதம் பேர் நல்ல நெறிகள் உள்ள மதம் என்றும், 71 சதவீதம் பேர் சிநேகமானது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாதி மேடை ஏறவே இல்லை.

இன்னொன்று. ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்து, 'இது பொருந்துமா?' என்று கேட்டு வாங்கிய பதில்கள் இவை. 'ஓரளவு' என்றவரும் 'மிகவும்' என்றவரும் ஒரே கூட்டலில் சேர்ந்துவிடுகிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டே, 'வெளியே இருப்பவர்கள் நம்மை வெறுக்கிறார்கள்' என்று நம் பிள்ளைகள் ஒடுங்கிப்போகிறார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

பிப்ரவரி 5

ஆராதனைக்கு வருவோர் கணக்கு. போன வாரம் சபைக்குப் போனீர்களா என்று கேட்டால், அமெரிக்கர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 'ஆமாம்' என்பார்கள். கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த எண் அது. ஹாடவே, மார்லர், சேவ்ஸ் என்ற மூன்று சமூகவியலாளர்கள் அதை நம்பாமல், ஒஹையோ மாநிலத்தின் ஆஷ்டபூலா மாவட்டத்தில் சபைகளின் வருகைக் கணக்கையே திரட்டிப் பார்த்தார்கள். புராட்டஸ்டண்ட்களில் போனதாகச் சொன்னவர்கள் 36 சதவீதம். உண்மையில் வந்தவர்கள் ஏறக்குறைய 20. கத்தோலிக்கர்களுக்கு 18 மறைமாவட்டங்களின் வருகை எண்ணிக்கையைக் கணக்கிட்டபோது 28 சதவீதம்தான் வந்தது. கருத்துக்கணிப்பு சொன்னதோ 51. 1993-இல் இது வெளியானது.

அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'போனீர்களா?' என்ற கேள்வி, 'நீங்கள் நல்ல விசுவாசிதானே?' என்று காதில் விழுகிறது. அதற்குத்தான் அவர்கள் பதில் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 6

நேற்று எழுதியதற்கு ஒரு சான்று. பி.ஆர்.ஆர்.ஐ. என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2014-இல் ஒரே கேள்வியைத் தொலைபேசியிலும் இணையத்திலும் கேட்டது. ஆராதனைக்கு அரிதாகவே போவோம், அல்லது போவதே இல்லை என்றவர்கள் தொலைபேசியில் 30 சதவீதம், இணையத்தில் 43. மறுமுனையில் ஒரு மனிதக் குரல் இல்லாததே அந்த 13 புள்ளிகளுக்குப் பெரும் காரணம் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 12

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேள்வி, 'உங்கள் மதம் என்ன?' ஏதோ ஒன்று இருந்தே தீரும் என்ற தொனி. 2011-இல் மதமில்லை என்றவர்கள் கால்வாசிப் பேர். 'எந்த மதத்தையாவது சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?' என்று கேட்கும் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் அதே காலத்தில் ஏறக்குறைய பாதிப் பேர். ஆஸ்திரேலியாவில் 2016-இல் 'மதமில்லை' என்ற விடையைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள்; 22 சதவீதம் 30 ஆனது. உயர்வு முழுக்க அதனால் என்று சொல்ல முடியாது, ஆனால் அதைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 18

இங்கிலாந்து, வேல்ஸில் 18 முதல் 24 வயதினரில் சபைக்குப் போகிறவர்கள் 2018-இல் 4 சதவீதம், 2024-இல் 16 என்று 2025-இல் வந்த அறிக்கை. மனசார விரும்பிய செய்தி. அதனாலேயே கூடுதலாகச் சோதிக்கவேண்டியது. தரவு, ஆட்கள் தாங்களாகவே பதிவுசெய்துகொள்ளும் இணையக் குழுவிலிருந்து வந்தது. குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வில் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. பியூ ஆய்வு மையம் இத்தகைய குழுக்களைச் சோதித்தபோது, 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 12 சதவீதம் பேர் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் இருப்பதாகச் சொன்னார்களாம்!

பிப்ரவரி 21

அமெரிக்காவில் கிறிஸ்தவர்கள் 2007-இல் 78 சதவீதம், 2014-இல் 71, 2023-24-இல் 62. இதுவும் பியூ மையத்தின் கணக்குதான். ஒவ்வொரு முறையும் 35,000 பேருக்கு மேல், குலுக்கலில் எடுத்தவர்கள். இதை நம்புகிறேன். முதல் இரண்டும் தொலைபேசியில் கேட்டவை, மூன்றாவது பெரும்பாலும் இணையத்திலும் தாளிலும் என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2019-க்குப் பிறகு சரிவு நின்றாற்போல் இருக்கிறது என்பதும் அதே அறிக்கையில் உண்டு. அடுத்த வேதபாட வகுப்பில் எண்கள், கேட்ட விதம், நின்றாற்போல் இருக்கும் சரிவு என்ற மூன்றையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.