வலை பொத்தும் காலம்: தங்கச்சிமடம் முதல் தனுஷ்கோடி வரை

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக்காலம் எந்த நாளில் தொடங்கும் என்பதைக் கணக்கிட அம்மா எங்களுக்கு ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் எந்த ஞாயிறு வருகிறதோ அதுவே திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. தங்கச்சிமடத்தில் பிறந்து வளர்ந்த அவருக்கு, வலை வீசிப் பிழைத்த ஒருவரின் திருநாள் அந்தக் காலத்தின் வாசலிலேயே நிற்பதில் பெரிய மகிழ்ச்சி இருந்தது. 2024-ஆம் ஆண்டில் அந்த நாள் சனிக்கிழமையாக அமைந்து, மறுநாளே முதல் ஞாயிறும் வந்தது. இரண்டு நாளையும் ராமேஸ்வரம் தீவில் செபத்தில் கழிக்கலாம் என்று ராமநாதபுரத்திலிருந்து பேருந்து ஏறினேன். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, புதிய பாலம் திறக்கப்படாமல் இருந்த காலம் அது.

மண்டபத்துக்கு முன்னால் வேதாளை வரும்போது நான் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வது வழக்கம். புனித சவேரியாரின் தோழரான இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி 1549-இல் அங்கேதான் கொல்லப்பட்டார். தம் மக்கள் படகேறித் தப்பும்வரை அவர் கரையை விட்டு நகரவில்லை. சவேரியாரின் திருநாளான டிசம்பர் 3 திருவருகைக்காலத்தின் தொடக்கத்தை ஒட்டியே வருவதால், அவரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் குருவையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன்.

ஃபெஞ்சல் புயல் அந்தச் சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடலுக்குச் செல்லத் தடை இருந்ததால் படகுகள் எல்லாம் நங்கூரமிட்டுக் கிடந்தன. கரையில் கொட்டகைகளின் கீழ் வலைகள் விரிக்கப்பட்டிருந்தன. ஒரு முதியவர் வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி வலை பொத்திக்கொண்டிருந்தார். அருகில் அமர்ந்து வெகுநேரம் பார்த்தேன். உள்ளங்கை அகலம் மட்டுமே இருந்த ஒரு கிழிசலை அவர் சிறு கத்தியால் மேலும் அறுத்து, இரண்டு கை அகலத்துக்குப் பெரிதாக்கினார். எனக்கு அது புரியவில்லை.

“ஏன் ஐயா, இருக்கிற கிழிசலைப் பெருசாக்குறீங்க?” என்று கேட்டேன்.

“அத்துப்போன நூல்ல முடிச்சுப் போட்டா அடுத்த தடவ வலை போடும்போதே விட்டுப்போகும் தம்பி. நல்ல நூலு வர்ற வரைக்கும் வெட்டணும். அப்புறந்தான் பின்ன முடியும்” என்றார், கத்தியைக் கீழே வைக்காமலே. பிறகு நைலான் நூல் சுற்றிய ஊசியை எடுத்து, அறுத்த விளிம்பின் முதல் கண்ணில் கோத்து, ஒவ்வொரு கண்ணையும் விரலால் அளந்து முடிந்துகொண்டு போனார். ஒரு முடிச்சு தளர்ந்ததாகத் தோன்றியபோது நான்கு கண்களைப் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கினார்.

அன்றைய திருநாளின் நற்செய்தி மத்தேயு 4-ஆம் அதிகாரம். சீமோனும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருந்தபோது அழைக்கப்படுகிறார்கள். செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் தந்தையோடு படகில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அழைக்கப்படுகிறார்கள். பழுதுபார்ப்பதற்குக் கிரேக்க மூலத்தில் அங்கே வரும் வினைச்சொல்லைத்தான் புனித பவுலும் கலாத்தியர் 6:1-இல் எழுதுகிறார். குற்றத்தில் அகப்பட்ட ஒருவரைக் கனிவோடு திருத்துங்கள் என்று அவர் சொல்லும் இடம் அது. வலைக்கும் மனிதருக்கும் ஒரே சொல். திருவருகைக்காலத்தில் ஆண்டவருக்காக ஆயத்தம் செய்வது என்று நாம் பேசுவதை, அந்தக் கொட்டகையில் அமர்ந்திருந்தபோதுதான் கைகளால் செய்யும் ஒரு வேலையாக என்னால் எண்ணிப் பார்க்க முடிந்தது.

அன்று இரவு ஒரு நண்பரின் வீட்டில் தங்கினேன். அதிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் அக்காவின் வீடு இருக்கிறது. நான் அங்கே போகவில்லை.

இதையும் சொல்லத்தான் வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மா நோயில் கிடந்த ஐம்பது நாளும் இரவில் கண்விழித்தவர் அக்கா. நான் பணம் அனுப்பினேன், இரவுகளுக்கு வரவில்லை. அடக்கம் முடிந்த எட்டாம் நாள் அக்கா அதை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். நான் கோபித்துக்கொண்டு புறப்பட்டபோது, அம்மா ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்புக் குடிலில் வைக்கும் குழந்தை இயேசுவின் சிறு சிலையை, அந்தச் சுரூபத்தை, எடுத்து வந்துவிட்டேன். ஒரு சாணுக்கும் குறைவான சுரூபம். இடக்காலின் பெருவிரல் உடைந்து வெள்ளை தெரியும். மாதாவும் சூசையப்பரும் இடையர்களும் மாடும் கழுதையும் அக்காவிடம் இருந்தன. அதன்பின் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் ஈஸ்டருக்கும் ஒருவருக்கொருவர் வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். அறுந்த நூலில் போட்ட முடிச்சு என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலைத் திருப்பலியில் பீடத்தின் அருகே பச்சை இலைகளால் கட்டிய வளையத்தில் முதல் ஊதா மெழுகுதிரி ஏற்றப்பட்டது. வழக்கமாக ஞாயிறு திருப்பலியில் வரும் ‘உன்னதங்களிலே’ என்னும் புகழ்ப்பாடல் பாடப்படவில்லை. அது கிறிஸ்து பிறப்பு இரவில் வானதூதர்கள் பாடிய பாடல் என்பதால் அந்த இரவுக்காக அதைச் சேமித்து வைக்கிறோம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறேன். நற்செய்தி லூக்கா 21-ஆம் அதிகாரம். கதிரவனிலும் நிலாவிலும் அடையாளங்கள் தென்படும், கடல் கொந்தளிப்பின் முழக்கத்தால் மக்கள் கலங்குவர் என்று குருவானவர் வாசித்தபோது, புயலுக்கு மறுநாள் காலையில் அமர்ந்திருந்த அந்தக் கடற்கரை மக்கள் யாரும் அசையவில்லை. ஆனால் அந்தப் பகுதி அச்சத்தில் முடிவதில்லை. தலைநிமிர்ந்து நிற்கச் சொல்கிறது, மீட்பு நெருங்கி வருவதால். திருவருகைக்காலத்தின் முதல் பாதி, டிசம்பர் 16 வரை, ஆண்டவரின் இரண்டாம் வருகையையே முதன்மையாக நினைவூட்டுகிறது. 17-இலிருந்துதான் பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. நவம்பரிலேயே விண்மீன் விளக்கைத் தொங்கவிட்டுவிடும் நம்மில் பலர் இந்த முதல் பாதியை இழந்துவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து ஆண்டவரின் வருகைகள் மூன்று என்கிறார். உடலெடுத்து வந்தது முதலாவது. மாட்சியில் வரப்போவது இறுதியானது. இரண்டுக்கும் நடுவே, மறைவாக, ஒவ்வொரு நாளும் நம் உள்ளத்துக்கு வருவது ஒன்று. முதலாவதை நாம் கொண்டாடுகிறோம், இறுதியானதை விசுவாச அறிக்கையில் சொல்கிறோம். நடுவில் வருபவருக்குத்தான் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கிறது.

மூன்றாம் வாரத்தில் ராமநாதபுரத்தில் குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிட்டு ஒப்புரவு அருளடையாளம் பெற்றேன். ஆண்டுதோறும் செய்வதுதான், ஆனால் ‘உடன்பிறந்தோரோடு மனத்தாங்கல்’ என்று ஒரே சொற்றொடரில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். இம்முறை அந்தக் கிழிசலை நல்ல நூல் வரும்வரை வெட்ட வேண்டியிருந்தது. அக்கா சொன்ன சொல் என்னைப் புண்படுத்தியது என்பதை வெட்டினேன். அதன் கீழே, அவர் சொன்னது உண்மை என்பது இருந்தது. அதற்கும் கீழே, அம்மா மெலிந்துகொண்டே போவதைப் பார்க்கத் துணிவின்றி வேலையைக் காரணம் காட்டினேன் என்பது இருந்தது. அதைச் சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று. குருவானவர் பொறுமையாக இருந்தார்.

நான்காம் ஞாயிறு டிசம்பர் 22. தனுஷ்கோடி அழிந்து சரியாக 60 ஆண்டுகள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கடலுக்குள் போயின. பாம்பன் பாலம் சிதைந்தது. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு பின்னர் அறிவித்தது. அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. விடிந்தபோது கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது என்பதற்கு மேல் அந்த இரவைப் பற்றி அவர் எதையும் சொன்னதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், அநேகமாக தனுஷ்கோடி வீடுகளில் பலகாரத்துக்கு மாவு இடித்திருப்பார்கள். அவர்களின் சாவுக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர்களுக்காகச் செபமாலை சொல்லத்தான் ஒவ்வோர் ஆண்டும் போகிறேன்.

இடிந்த ஆலயத்துக்குக் கூரை இல்லை. பவளப்பாறைக் கற்களால் கட்டிய சுவர்களில் சுண்ணச்சாந்து உதிர்ந்து, கல்லுக்குள் பதிந்திருக்கும் நுண்ணிய துளைகள் தெரிகின்றன. கையை வைத்தால் உப்பின் ஈரம் ஒட்டுகிறது. பீடம் இருந்த பக்கத்துச் சுவர் இன்னும் நிற்கிறது. சுற்றிலும் சங்கும் சிப்பிமாலையும் விற்கும் கடைகள், படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம். இருட்டுவதற்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்பதால் மாலைச் செபத்தை முன்னதாகவே சொன்னேன்.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன் ஒவ்வொரு நாளும் ஒரு முன்மொழி உண்டு. ஞானமே, ஈசாயின் தளிரே, தாவீதின் திறவுகோலே என்று ஆண்டவரை ஒவ்வொரு பெயரால் அழைத்து ‘வாரும்’ என்று கேட்பவை அவை. 22-ஆம் நாளின் முன்மொழி அவரை மக்களினங்களின் அரசரே என்றும், இரண்டையும் ஒன்றாக இணைக்கும் மூலைக்கல்லே என்றும் அழைத்து, நீர் களிமண்ணால் உருவாக்கிய மனிதரை மீட்க வாரும் என்கிறது. பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த செபம்தான். 1964-இலும் திருச்சபை அந்த மாலையில் இதே சொற்களைத்தான் சொல்லியிருக்கும். சில மணி நேரத்தில் இந்தக் கற்கள் சரிந்தன. சரிந்த சுவரின் கீழ் நின்று ‘மூலைக்கல்லே’ என்று வாய்விட்டுச் சொன்னபோது என் குரல் நடுங்கியது. இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில்தான் மூலைக்கல் இருக்கும். தனித்து நிற்கும் ஒற்றைச் சுவருக்கு அது தேவையே இல்லை.

அன்று காலை வாசிக்கப்பட்ட நற்செய்தி, மரியா புறப்பட்டு மலைநாட்டிலுள்ள தம் உறவினரின் வீட்டுக்கு விரைந்து சென்றது. என் பையில் ஒரு துண்டில் சுற்றிய சுரூபம் இருந்தது. காலையிலேயே எடுத்து வைத்துவிட்டேன். கொடுப்பேனா என்பது மட்டும் அதுவரை உறுதியாக இல்லை.

தங்கச்சிமடத்தில் இறங்கியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். “அம்மாவுக்கு நான் ராத்திரி வந்திருக்கணும்க்கா” என்றேன். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த மற்ற சொற்கள் வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே நடந்தார். நானும் பின்னால் போனேன். கூடத்தின் மூலையில் வைக்கோல் பரப்பிய குடில் இருந்தது. மாதாவும் சூசையப்பரும் வெறும் தீவனத் தொட்டியைப் பார்த்தபடி முழந்தாளிட்டிருந்தார்கள். துண்டைப் பிரித்துச் சுரூபத்தை நீட்டினேன். அக்கா இரு கைகளாலும் வாங்கி, உடைந்த பெருவிரலைத் தடவிப் பார்த்தார். நான் தொட்டியின் வைக்கோலைச் சரிசெய்யக் குனிந்தேன்.

“இப்ப வைக்கக்கூடாது. இன்னும் ரெண்டு நாள் கெடக்குல்ல” என்று சொல்லிவிட்டு, அலமாரியைத் திறந்து, அம்மாவின் பழைய முக்காட்டுத் துணியில் குழந்தையைச் சுற்றி மேல்தட்டில் வைத்தார். பிறகு எனக்கும் ஒரு பாயை எடுத்துப் போட்டு, செபமாலையைக் கையில் எடுத்தார்.