மைக் துளைக்குள் ஒரு கிளைடர்

ஐப்பசி பிறந்தால் கோத்தகிரியில், ரிமோட்டில் பறக்கவிடும் என் சின்ன கிளைடர் பரண் ஏறிவிடும். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மறித்துக்கொள்ளும். வடகிழக்கு மழையை மறிக்க எங்களுக்கு மலை கிடையாது. இந்த ஆண்டு அதுவும் நல்லதுக்குத்தான். புரட்டாசியில் கிளைடர் ஒரு சில்வர் ஓக் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. மிளகு பறிக்கும் அண்ணன் ஒருவர் ஏறி எடுத்துத் தந்தார். "தம்பி, அடுத்த முறை மிளகு பழுக்கும்போது மாட்டிவிடுங்கள். ஒரே ஏற்றத்தில் இரண்டு வேலையும் முடியும்" என்றார்.

சரி, மழை விடும்வரை கணினியில் பழகலாம் என்று பிகாசிம் என்ற பறப்புப் பயிற்சி மென்பொருளை இறக்கினேன். இலவசம், மலைச்சரிவுக் காற்றில் மிதக்கும் கிளைடர்கள் அதில் உண்டு. ரிமோட்டைக் கணினியோடு இணைக்க யூஎஸ்பி டாங்கிள் வாங்கினால் வேலை ஐந்து நிமிடம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

ரிமோட்டின் முதுகில், ஆசிரியர் ரிமோட்டோடு மாணவர் ரிமோட்டைப் பிணைப்பதற்கான டிரெயினர் துளை இருக்கிறது. அதிலிருந்து சிக்னல், கிரவுண்ட் என்று இரண்டே கம்பிகளைச் சால்டர் செய்து, மடிக்கணினியின் மைக் துளைக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது ரிமோட்டின் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும், ஒரு துடிப்பு. குச்சி நடுவில் நின்றால் அதன் நீளம் 1.5 மில்லி விநாடி. இரு ஓரங்களில் 1, 2. இந்த வரிசை விநாடிக்கு ஏறக்குறைய 50 முறை வரும். சவுண்ட் கார்டுக்கு இது வெறும் ஒலி. ஸ்மார்ட்ப்ரோபோபிளஸ் என்ற மென்பொருள் அதைப் பிரித்து ஜாய்ஸ்டிக்காகக் காட்டும்.

காட்டியது, இரண்டு விநாடி மட்டும். திரையில் சேனல்களைக் காட்டும் பச்சைப் பட்டைகள் துள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டன. மூன்று முறை சால்டரைப் பிரித்து ஒட்டினேன். கட்டைவிரல் சுட்டதுதான் மிச்சம். கடைசியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவுசெய்து பெரிதாக்கிப் பார்த்தேன். சீப்புப் பல் போல வரிசையாகத் தொடங்கிய துடிப்புகள், மெல்லத் தேய்ந்து வெறும் கோடாகிக் கிடந்தன. கம்பியில் குற்றமில்லை, யாரோ அழிக்கிறார்கள்.

அந்த யாரோ நான்தான். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் அலுவலகக் கூட்டங்களில் கேட்கக் கூடாதென்று, மைக்கில் இரைச்சல் நீக்கும் வசதியைப் போன வருடம் போட்டுவைத்திருந்தேன். விடாமல் ஒரே சீராக வருவதெல்லாம் அதற்கு மழைதான். அணைத்ததும் நான்கு பட்டைகளும் விரலோடு ஆடின.

முதல் பறப்பில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் தலைகீழ். இழுத்தால் மூக்கு குத்தியது. திசையை மாற்றிவிட்டு இரவு பதினொன்று வரை பறந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: "உங்கள் வீட்டில் என்ன, அப்பளம் பொரிக்கிறார்களா?"