கீழக்கரையிலிருந்து குவாதலூப்புக்கு

குவாதலூப்பு கரீபியன் கடலில் இருக்கிறது; சட்டப்படி பிரான்சின் ஒரு பகுதி. செலாவணி யூரோ. தபால் பெட்டியின் மஞ்சள் நிறம்கூடப் பாரிஸில் உள்ளதுதான். பிரான்சுக்கு விசா இருந்தால் அங்கேயும் போய்விடலாம் என்று யாருக்கும் தோன்றும். மதுரையில் நாங்கள் முதலில் போய் உட்கார்ந்த பயண முகவரும் அப்படித்தான் அடித்துச் சொன்னார். ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதியை ஷெங்கன் என்கிறார்கள்; அந்தத் தீவு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்ற குறிப்பு விசாவில் இருக்க வேண்டும். போகும்போது பாரிஸில் ஒரு நுழைவு. தீவுக்கு விமானம் ஏறியதும் ஷெங்கனை விட்டு வெளியேறிவிடுகிறோம். திரும்பும்போது பாரிஸில் இன்னொரு நுழைவு. முகவர் ஒரே நுழைவு என்று நிரப்பி வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு வந்து, பிரான்ஸ் அரசின் விசா இணையதளத்தில் நானே புதிதாக நிரப்பினேன். போகிற இடம் குவாதலூப்பு என்று அங்கே குறிப்பிட வழி இருக்கிறது. கண்ணில் படுகிற இடத்தில்தான் இருக்கிறது.

விசா இல்லாமலே இந்தியர்களை விடும் தீவுகளும் உண்டு. பார்படோஸ், ஜமைக்கா, திரினிடாட் எல்லாம் அந்த வகை. அங்கே போகப் பெரும்பாலும் லண்டனிலோ அமெரிக்காவிலோ விமானம் மாற வேண்டியிருக்கும். அந்த மாறுதலுக்கு விசா கேட்பார்கள். திரினிடாட் போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே அது செல்லுபடியாகும். அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ‘எளிய தீவுக்கே போயேன்’ என்று சொன்ன நண்பர்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லை. எனக்கும் வேறு தீவு வேண்டியிருக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நாகூர் கந்தூரிக்குப் போய் வருவது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள், குவாதலூப்பிலும் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்கிலும் மாரியம்மனோடு சேர்த்து நாகூர் தர்கா மகானான நாகூர் மீரானையும் வணங்குகிறார்கள், அவர் பெயரில் கொடி ஏற்றுகிறார்கள் என்று வேலையில் இருந்த காலத்தில் படித்தேன். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848-இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1854 டிசம்பரில் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். நடுக்கடலில் அவர்கள் நாகூராரை நினைத்திருப்பார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை. இந்தக் கரையில் தோணி ஏறுகிறவன் எந்த மதத்தவனாக இருந்தாலும் அவரை நினைப்பான். அந்தக் கொடியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். பிறகு மகள்களின் நிக்காஹ், வீட்டுக் கடன், கொரோனா, மனைவியின் கண் அறுவை சிகிச்சை.

காகித வேலை இப்படி: ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ரசீது, தங்குமிடப் பதிவு, போகவர டிக்கெட் பதிவு. தமிழில் இருந்த சொத்துப் பத்திரத்தையும் வரி ரசீதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாங்கினோம். காப்பீட்டில் கவனம் தேவை. ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் என்று எழுதிய பாலிசி தீவில் பயன்படாமல் போகலாம். உலகம் முழுவதும் செல்லும் பாலிசியை எடுத்தோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கனுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள். கடைசி எல்லையை நம்பாதீர்கள். சென்னையில் கைரேகை கொடுக்க நேரம் கிடைப்பதே பாடாக இருக்கிறது. ‘ஹஜ்ஜுக்குப் போனபோதுகூட இத்தனை கேட்கவில்லையே’ என்று என் மனைவி அலுத்துக்கொண்டார். பாஸ்போர்ட் நோன்புக் காலத்தில் திரும்பி வந்தது. கவரைப் பிரித்ததும் நான் பார்த்தது நுழைவு எண்ணிக்கையைத்தான்.

தீவில் பொதுப் பேருந்து ஞாயிறன்று அனேகமாக ஓடாது என்பதால் கார் ஓட்டத் தீர்மானித்தோம். ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கினேன். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வழியெல்லாம் வட்டச் சந்திப்புகள். அதைப் பற்றி மேலும் சொல்லாமல் விடுவது மரியாதை.

ஏப்ரலில், பெருநாள் முடிந்து கிளம்பினோம். டிசம்பர் முதல் மே வரை அங்கே மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஈஸ்டருக்குள் திரும்பிவிடும்படி தேதி வைத்தோம். ஈஸ்டருக்கு ஊரே கடற்கரையில் கூடாரமடித்து நண்டு சமைத்துத் தின்னும், அறை கிடைக்காது. வளைகுடா வழியாகப் பாரிஸ். சார்ல் தெ கோல் நிலையத்திலிருந்து நகரின் மறுகோடியில் உள்ள ஓர்லிக்கு ரயிலும் மெட்ரோவும் மாறிப் பயணம். அங்கிருந்து மீண்டும் எட்டரை மணி நேர விமானம். இடையில் ஓர் இரவு பாரிஸில் தங்கிவிடுங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது ஆலோசனையல்ல, கட்டளை. பையில் நெய்யோ பால் இனிப்போ வேண்டாம், பறிமுதலாகும். தேங்காய்ப் பாலில் கிண்டிய எங்கள் ஊர்த் தொதல் சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தது.

புவாந்தாபீத் துறையில் காலையில் படகிலிருந்தே மீன் விற்கிறார்கள். சூரையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. விலையைக் கேட்டதும் நகர்ந்துவிட்டோம். அங்காடிப் பெண்கள் தலையில் கட்டியிருந்தது கட்டம் போட்ட மதராஸ் துணி. சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலில் போன அந்தத் துணிதான் இன்று தீவின் பாரம்பரிய உடை. நாங்கள் தங்கிய வீட்டில் நான் கைலியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த வீட்டுக்காரப் பெண்மணி, கரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டியின் தலைக்கட்டுத் துணியை எடுத்து வந்து காட்டினார். பிறகு எங்களுக்குள் பேச மொழி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 1989 செப்டம்பரில் அடித்த ஹியூகோ புயலை அவர் கையாலேயே சொல்லி முடித்தார். 1964 தனுஷ்கோடிப் புயலை என் உம்மா சொல்வதும் அப்படித்தான், கூரை போன திசையைக் கையால் காட்டி.

கப்பெஸ்தேர் ஊரில் சாலையோரம் ஷாங்ஜி கோவில் இருக்கிறது. வண்ணச் சிலைகள் கண்ணைப் பறிக்கும். சுற்றுலாப் பயணிகள் நிற்பது அங்கேதான். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கேட்டு 1904-இல் வழக்காடத் தொடங்கி, 1923-இல் வென்ற ஆன்ரி சிதம்பரம் இந்த ஊர்க்காரர். நான் தேடி வந்த கொடி இருந்தது வேறிடத்தில்: வீட்டுக்காரப் பெண்மணியின் உறவினர் தோட்டத்தில், குடும்பக் கோவிலின் முற்றத்தில், நெடிய மரக்கம்பத்தில். அங்கே நாகூராருக்குச் சேவல் அறுத்துப் படைக்கிறார்கள். எங்கள் ஊர் ஆலிம்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அந்தப் பகுதி உவப்பாக இல்லை. மனைவி கம்பத்தருகே நின்று ஃபாத்திஹா ஓதினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பூசை செய்யும் பெரியவர் ரோமன் எழுத்தில் எழுதிய பாட்டு நோட்டைக் கொண்டு வந்தார். எழுத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பாடக் கேட்டபோது ‘தாயே’, ‘வாருமம்மா’ என்று சில தெளிந்தன. பொருள் சொல்லச் சொன்னார். தெரிந்தவரை சொன்னேன், தெரியாத வரிகளே அதிகம்.

கடற்கரை பற்றி ஒரு எச்சரிக்கை. விளம்பரப் படங்களில் உள்ள நீலம் மேற்குப் பக்கத்தில் கிடைக்கும். அட்லாண்டிக் பக்கத்தில், 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புப் பாசி குவியல் குவியலாக ஒதுங்குகிறது. அழுகினால் கெட்ட முட்டை நாற்றம். அந்த வாயு உடலுக்கும் ஆகாது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களை அறிந்த என் மனைவிக்கு, அத்தனை பாசியை இயந்திரம் வைத்து அள்ளிக் கொட்டுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதைவிட மோசம் கண்ணுக்குத் தெரியாதது. வாழைத் தோட்டங்களில் 1993 வரை போட்ட குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து மண்ணிலிருந்து கடலுக்கு இறங்கி, சில கரையோரப் பகுதிகளில் இன்றும் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. இலங்கை எல்லை, கடலோரக் காவல் என்று எத்தனையோ காரணத்தால் வலையைச் சுருட்டிவைத்தவர்களை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன். வாழைப்பழத்தால் கடல் மூடப்பட்டதை அங்கேதான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் பாரிஸ் அதிகாரி விசாப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இரண்டாவது முத்திரையைக் குத்தினார். போகிறவர்கள் கிளம்புமுன் நாலைந்து பிரெஞ்சு வாக்கியமாவது படித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் அங்கே அதிகம் உதவாது. சிறு சில்லறையாக யூரோ வைத்திருங்கள். குடும்பக் கோவில்களுக்கு யாராவது வீட்டார் அழைத்துப் போனால் மட்டும் போங்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள்.